பள்ளிக்கூடம் யார் கையில்: டெல்லியா, கோட்டையா, ஒன்றிய அலுவலகமா?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்பிக் கொண்டுவா என்று ஒரு கூட்டம். நாடு முழுக்க ஒரே தரம் வேண்டும், டெல்லியே நடத்தட்டும் என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் கல்வியை ஒரே மூட்டையாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்க்கத்தான் இந்த இழை.

பாடத்திட்டம், ஆசிரியர் நியமனமும் மாறுதலும், சம்பளம், கட்டடம், தேர்வு, மேற்பார்வை: இதில் எது இன்று யாரிடம் இருக்கிறது? யாரிடம் இருந்தால் வேலை நடக்கும்? பேச்சுக்கு ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியை வைத்துக்கொள்வோம். 58 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள், 5 வகுப்புகள். கட்சிச் சண்டை வேண்டாம். அரசாணை, பிரிவு, தொகை, நடைமுறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஏழாம்பட்டியல்

முதலில் சட்டம். 1919 சட்டத்திலேயே கல்வி மாகாண அமைச்சர்கள் கைக்கு வந்துவிட்டது. 1950இல் அரசியலமைப்பு அதை மாநிலப் பட்டியலின் 11ஆம் பதிவாக வைத்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42ஆவது திருத்தம் (1976) அந்தப் பதிவை நீக்கி, பொதுப்பட்டியலின் 25ஆம் பதிவில் சேர்த்தது. 1977 ஜனவரி 3 முதல் நடைமுறை. பொதுப்பட்டியல் என்றால் இருவரும் சட்டம் போடலாம். முட்டிக்கொண்டால் 254ஆம் உறுப்பின்படி பொதுவாக நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கினால் மட்டும் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் செல்லும்.

பலர் கவனிக்காதது ஒன்று. உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை நிர்ணயிப்பது, டெல்லி மட்டுமே சட்டம் போடும் ஒன்றியப் பட்டியலின் 66ஆம் பதிவு. 1976க்கு முன்பும் அது அங்கேதான் இருந்தது. ஆகவே நாளைக்கே 25ஐ மாநிலத்துக்கு மாற்றினாலும் கல்லூரி நுழைவுத் தேர்வுப் பிரச்சினை தானாகத் தீராது. பள்ளிக் கல்விக்குத்தான் அது பெரிய மாற்றம்.

அடுத்தது 73ஆவது திருத்தம். 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறை. பதினோராம் அட்டவணையில் 29 இனங்கள்; 17ஆவது இனம் தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி. ஆனால் 243ஜி உறுப்பில் மாநிலச் சட்டமன்றம் இந்த அதிகாரங்களைப் பஞ்சாயத்துகளுக்குக் கொடுக்க"லாம்" என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு "லாம்" போதும். டெல்லியிடம் அதிகாரம் கேட்டுக் குரல் கொடுக்கும் கோட்டை, ஊராட்சி ஒன்றியங்களுக்கு இந்த 17ஆவது இனத்தைக் கையில் எடுத்துக் கொடுத்ததில்லை.

வைகைக்கரை

"ஊராட்சி ஒன்றிய" என்பது இன்று பெயர்ப்பலகையில்தான் இருக்கிறது. 1958ஆம் ஆண்டு பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு, மாவட்ட போர்டுகள் போய், தொடக்கப்பள்ளிகள் ஒன்றியங்கள் வசம் வந்தன. ஆசிரியர்களும் ஒன்றியப் பணியாளர்கள். 1981 ஜூன் 1 முதல் அவர்கள் அரசுப் பணியாளர்கள். கட்டடமும் மனையும் மட்டும் ஒன்றியத்தோடு நின்றுவிட்டன. ஆள் கல்வித்துறை, சுவர் ஊரக வளர்ச்சித்துறை. தலைமையாசிரியருக்கு மேலதிகாரி வட்டாரக் கல்வி அலுவலர். கூரை ஒழுகினால் போக வேண்டிய இடம் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம். இரண்டும் வேறு வேறு துறை, வேறு வேறு செயலர், வேறு வேறு மானியக் கோரிக்கை.

கரும்பலகை சொன்ன 58 பிள்ளைப் பள்ளியில் கழிவறைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, பள்ளி மானியத்தில் காயில் கட்டுவது. பணம் கணக்கில் இருந்தால் அன்றைக்கே முடியும். கல்வியாண்டு தொடங்கும் ஜூனில் மானியம் வந்திருக்காது, அங்கேதான் இடிக்கும்.

இரண்டு, கிராம ஊராட்சி. 2021-26க்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவுக்கென்று கட்டிவைத்த தொகை. பள்ளிக் குழாயும் அதற்குள் அடங்கும் என்று வாதாடலாம். ஆனால் ஊராட்சி தன் வேலைத்திட்டத்தில் அதை முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்கள்.

மூன்று, ஊராட்சி ஒன்றியப் பொது நிதி. கடிதம் போகும், பொறியாளர் வந்து மதிப்பீடு போடுவார், கூட்டப் பொருளில் ஏறும், தீர்மானம் ஆகும், வேலை உத்தரவு வரும். சில ஆயிரம் ரூபாய் வேலைக்கும் பாதை ஏறக்குறைய இதேதான். வகுப்பறை கட்டும் வழியில் மோட்டாரையும் அனுப்பினால் அது எப்போது ஊர் வந்து சேரும்?

இந்த மூன்றில் எதிலும் டெல்லி குறுக்கே நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேன்கூடு

அப்படியானால் ஊராட்சி ஒன்றியத்திடமே எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமா? ஆசிரியர் நியமனம் ஒன்றியச் சேர்மன் கையில் போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த ஊருக்கு எந்தச் சாதி ஆசிரியர் வரலாம் என்பதை ஊர்ப் பெரியவர்கள் தீர்மானிப்பார்கள். சத்துணவு சமைப்பவர் பட்டியலினத்தவர் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத ஊர்கள் செய்தியில் வந்தபோது, மேலிருந்து ஆட்சியர் வந்து உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் பந்தி நடந்தது. உள்ளூர் என்றாலே ஜனநாயகம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மாறுதல் கலந்தாய்வு இணையவழி வந்தபின் பரிந்துரைக் கடிதத்துக்கு மதிப்புக் குறைந்ததும் மையப்படுத்தியதால்தான்.

வைகைக்கரை

தேன்கூடு, நியமனத்தை ஒன்றியத்திடம் கொடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் மையப்படுத்தினாலே நல்லது என்றும் முடிக்காதீர்கள். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243ஐப் பாருங்கள். அதுவரை தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வுக்கான முன்னுரிமைப் பட்டியல் ஒன்றிய அளவில். அரசாணை அதை மாநில அளவுக்கு மாற்றியது. வாதம் இரண்டு பக்கமும் உண்டு. முன்னுரிமைப் பட்டியல் ஊராட்சி ஒன்றிய அளவில் என்றால் பக்கத்து ஒன்றியத்தில் இளையவர் முதலில் தலைமையாசிரியர் ஆகிவிடுவார், அது அநியாயம். மாநில அளவில் என்றால் பதவி உயர்வு வேண்டுமானால் வேறு மாவட்டம் போக நேரும். பலர், பெண் ஆசிரியர்கள் குறிப்பாக, வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். சங்கங்கள் கூட்டாகப் போராட்டத்தில் இறங்கியது அதற்காகத்தான்.

கணக்குப்பிள்ளை

பணத்தைப் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. உத்தரவு போடுகிறவர் யார் என்று பார்ப்பதைவிட, காசு எந்தக் குழாய் வழியாக வருகிறது என்று பாருங்கள்.

பள்ளிக் கல்விக்கான ஒன்றிய அரசுத் திட்டம் சமக்ர சிக்ஷா 2018இல் வந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வி இயக்கம், ஆசிரியர் கல்வி மூன்றையும் ஒன்றாக்கியது. ஒன்றிய அரசு 60, மாநிலம் 40. வடகிழக்குக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் 90:10. மாநிலம் ஆண்டுத் திட்டமும் வரவுசெலவும் எழுதி அனுப்பும். டெல்லியில் திட்ட ஒப்புதல் வாரியம் வரி வரியாக அலகுத் தொகை வைத்து வெட்டும். ஒப்புதலான தொகைக்குத்தான் 60. ஆசிரியர் சம்பளத்துக்கு அவர்கள் கணக்கில் எடுப்பதற்கு உச்சவரம்பு உண்டு. உண்மையான சம்பளம் அதைப்போல் பல மடங்கு, மீதி முழுக்க மாநிலத் தலையில். ஆகவே 60 சதவீதம் என்பது காகிதத்தில் 60.

இப்போது நம் 58 பிள்ளைப் பள்ளி. ஒருங்கிணைந்த பள்ளி மானியம் இப்படி: 30 பிள்ளைகள் வரை ரூ.10,000, 31 முதல் 100 வரை ரூ.25,000; 101 முதல் 250 வரை ரூ.50,000, 251 முதல் 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1 லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு. 31 பிள்ளைப் பள்ளிக்கும் 100 பிள்ளைப் பள்ளிக்கும் ஒரே தொகை. 30 பிள்ளைப் பள்ளிக்கு அதில் பாதிகூட இல்லை. மின்விளக்கும் துடைப்பமும் பிள்ளைகளை எண்ணித் தேய்வதில்லை, ஆனால் படி போட்டவர்களுக்கு அது தெரியவில்லை. டெல்லியில் உட்கார்ந்து விலை போட்டால் இப்படித்தான் வரும்.

பிறகு கணக்கெடுப்புத் தேதி. ஆசிரியர் பணியிட நிர்ணயத்துக்கு மாநிலம் ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை எடுக்கும். யுடைஸ் என்ற நாடு தழுவிய பள்ளித் தரவுக்கு செப்டம்பர் 30. இரண்டு மாதத்தில் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போகும் குடும்பங்கள் இருக்கும் ஊரில் ஒரே பள்ளிக்கு இரண்டு எண்ணிக்கை. ஆசிரியர் ஒரு கணக்கில், மானியம் இன்னொரு கணக்கில்.

பணம் வரும் வழியும் மாறிவிட்டது. முன்பு பள்ளிக் கணக்கில் தொகை விழும். இப்போது மாநில அளவில் ஒற்றை முதன்மைக் கணக்கு. பள்ளியிடம் இருப்பது சுழிய இருப்புக் கணக்கு, செலவு வரம்பு மட்டும் கொடுப்பார்கள். கடைசிக் காலாண்டில் வரம்பு வந்தால், மார்ச் 31க்குள் செலவழிக்காதது மேலேயே நின்றுவிடும். மார்ச்சில் அவசர அவசரமாகச் சுவரெழுத்து எழுதும் பள்ளிகளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், காரணம் இதுதான்.

அடுத்து நிபந்தனை. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்கும் பி.எம்.ஸ்ரீ திட்டத்தை 2022 செப்டம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. 14,500 பள்ளிகள் இலக்கு. அதற்கான ஒப்பந்தத்தில் 2020 தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ்நாடு போடவில்லை. 2024-25க்கான சமக்ர சிக்ஷா பங்கு ரூ.2,152 கோடி நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றத்தில் நேரடி வழக்குத் தொடுத்தது. கேரளம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டு, கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது. ஒரு திட்டத்தில் சேராததற்கு வேறு திட்டத்தின் பணம் நின்றது. 25ஆம் பதிவு சொல்லாத அதிகாரம் கருவூல வழியாக வந்துவிட்டது.

நொய்யல்

டெல்லிக்கு ஒரு வக்கீல் வேண்டும் போலிருக்கிறது, நான் நிற்கிறேன்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் நாடாளுமன்றச் சட்டம்; 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம், ஆண் பெண் இருபாலருக்கும் தனிக் கழிவறை. இந்த அட்டவணையை மாநிலங்கள் விருப்பத்துக்கு விட்டிருந்தால் பல மாநிலங்களில் ஓராசிரியர் பள்ளியே இன்றைக்கும் சட்டப்படி சரியாக இருந்திருக்கும். தமிழ்நாட்டை வைத்து மட்டும் எல்லா மாநிலத்துக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். அடித்தள அளவுகோலும், ஏழை மாநிலங்களுக்குப் பணப் பகிர்வும் மேலிருந்துதான் வர முடியும். உள்ளூர்ச் சொத்துவரியில் பள்ளி நடத்தும் அமெரிக்காவில், வீட்டு விலை உயர்ந்த ஊரில் நல்ல பள்ளி, விலை விழுந்த ஊரில் ஓட்டைப் பள்ளி. அந்த வழி நமக்கு வேண்டுமா?

ஏழாம்பட்டியல்

அடித்தள அளவுகோல் வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சட்டத்தின் 12(1)(சி) பிரிவை அந்த 58 பிள்ளைப் பள்ளியின் வாசலில் நின்று பாருங்கள். தனியார் பள்ளி நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு. கட்டணத்தை அரசு திருப்பித் தரும். ஒன்றியப் பள்ளிக்கு 61ஆவது பிள்ளை வந்தால் மூன்றாம் ஆசிரியர். பக்கத்துத் தனியார் பள்ளி 3 பிள்ளைகளை எடுத்துக்கொண்டால் அந்தப் பணியிடம் வராது. சட்டம் டெல்லியுடையது, கட்டணம் கொடுப்பது மாநிலம், ஆசிரியரை இழப்பது ஒன்றியப் பள்ளி. மூன்று பேரில் யாரும் மற்றவரிடம் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு வரலாறு. மதிய உணவு எங்கே தொடங்கியது? 1920இல் சென்னை மாநகராட்சி, தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில். உள்ளாட்சி தன் காசில் செய்த வேலை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்ய மேலே இருந்த அரசு ஒப்பவில்லை, 1925இல் நின்றது. 1956இல் காமராஜர் மாநிலத் திட்டமாக்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். விரித்தார், 1995இல்தான் தேசியத் திட்டம், அதிலும் பல மாநிலங்கள் தானியத்தை அளந்து கையில் கொடுத்தன. சமைத்துப் போடு என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவிட வேண்டியிருந்தது. மாநகராட்சியிடமிருந்து டெல்லிக்குப் போக 75 ஆண்டு.

பனையோலை

இலங்கையிலிருந்து ஒரு ஒப்பீடு. இங்கே 13ஆவது திருத்தம் (1987) கல்வியை மாகாண சபைக்குக் கொடுத்தது. ஆனால் தேசிய பாடசாலை என்று ஒரு வகை மத்திய கல்வி அமைச்சின் நேரடிக் கையில். தொடக்கத்தில் 18 பாடசாலைகள்தான். இன்று 400ஐ ஒட்டி நிற்கிறது. மொத்தம் பத்தாயிரம் பாடசாலைகளில் அது சின்னத் தொகைதானே என்று நினைப்பீர்கள். ஆனால் நகரத்தில் பெயர் பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலுக்குள். 2020க்குப் பிறகு ஆயிரம் தேசிய பாடசாலை என்று வேறு ஒரு திட்டம் வந்தது.

நடைமுறையில் என்ன கோளாறு? ஒரே பட்டினத்தில் இரண்டு பாடசாலை. மாகாணப் பாடசாலை அதிபர் (தலைமையாசிரியர்) வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். தேசிய பாடசாலை அதிபரின் கோப்பு கொழும்புக்குப் போகும். வலயத்தில் கணித ஆசிரியர் தட்டுப்பாடு வந்தால், வலயப் பணிப்பாளர் தேசிய பாடசாலையில் மேலதிகமாக நிற்பவரை எடுத்துப் பக்கத்துக் கிராமத்துக்கு அனுப்ப முடியாது; இரண்டு தரப்பும் விடுவிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளியேறுபவர்களுக்கு நியமனம் மத்தியில், பட்டதாரி ஆசிரியர் பலரை எடுப்பது மாகாணத்தில். பாடத்திட்டம், பாடநூல், பரீட்சை எல்லாம் மத்தி. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை பெயர் பெற்ற பாடசாலைக்குப் போய்விடும். மாகாணத்துக்கு மிஞ்சுவது கட்டடமும் வரவுப் பதிவேடும்.

இதிலே இன்னொரு சங்கதி. வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. மாகாணக் கல்வியை ஆளுநர் ஊடாக நடத்துகிறார்கள், ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. மாகாணத்திடம் அதிகாரம் உண்டு என்று எழுத்தில் இருந்தால் போதாது, மாகாணத்தில் ஆள் இருக்க வேண்டும்.

தெக்குப்பக்கம்

கேரளத்தில் பாதி வழி போய்ப் பார்த்தார்கள். அரசுத் தொடக்கப்பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்திடம், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்திடம். 1996 மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்டநிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நியமனம், சம்பளம், பாடத்திட்டம் மாநிலத்திடமே. வகுப்பறை, கழிவறை, ஆய்வகம் போன்ற வேலைகளைப் பஞ்சாயத்து எடுத்தது.

இதில் உள்ள சூட்சுமம் அதிகாரம் இல்லை, கட்டுப்பாடற்ற பணம். இன்ன தலைப்பில்தான் செலவழி என்று சொல்லாமல் கொடுத்தார்கள். அதே சமயம் அங்கே அரசு உதவிபெறும் பள்ளிகள் மிக அதிகம். நிர்வாகி நியமிப்பார், அரசு சம்பளம் கொடுக்கும். அந்தப் பள்ளிகள் பஞ்சாயத்தின் கைக்கு வரவே இல்லை. ஆக, ஒரே ஊரில் பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் உள்ளாட்சி.

தேன்கூடு

சரி, நான் பாதி இறங்கி வருகிறேன். பழுதுபார்ப்பு, தண்ணீர், துப்புரவு இவை உள்ளாட்சியிடம், கட்டுப்பாடற்ற தொகையோடு. நியமனம் மாநிலத்திடம். அளவுகோல் டெல்லியிடம். மேற்பார்வை யாரிடம்?

வைகைக்கரை

அதற்குத்தான் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழு. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் 20 பேர் கொண்டதாக மறுகட்டமைத்தார்கள், 2024இல் முன்னாள் மாணவர்களைச் சேர்த்து 24. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. 22ஆம் பிரிவின்படி மூன்றாண்டுப் பள்ளி வளர்ச்சித் திட்டம் இந்தக் குழு எழுத வேண்டும். மானியத்துக்கு அடிப்படை அதுதான் என்று சட்டம் சொல்கிறது.

எங்கே தவறுகிறது என்றால் தீர்மானத்தின் வாசகத்தில். "கழிவறை வசதி செய்து தர வேண்டுகிறோம்" என்று எழுதினால் அது மேலாண்மைக் குழுவின் கைபேசிச் செயலியில் ஏறி அங்கேயே உறங்கும். இப்படி எழுத வேண்டும்: "பெண் குழந்தைகள் கழிவறை 2இல் 1 பயன்பாட்டில் இல்லை, தொட்டி மோட்டார் காயில் எரிந்துள்ளது, பழுதுநீக்கக் கடை மதிப்பீடு இவ்வளவு, ஊராட்சியின் நிதிக்குழு மானியத்தில், துப்புரவுத் தலைப்பில் செய்யக் கோருகிறோம்." ஒரு படி வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒரு படி பி.டி.ஓ.வுக்கு, ஒரு படி ஊராட்சிக்கு. தேதியிட்ட பெறுகைக் கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இதையே பொருளாக வைக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. இரண்டு தீர்மானமும் ஒரே அளவு, ஒரே தொகை காட்டினால் தணிக்கையில் தட்ட முடியாது. ஒன்றில் 1 குதிரைத்திறன், இன்னொன்றில் 1.5 என்று இருந்தால் போயிற்று, கோப்பு திரும்பி வரும்.

நொய்யல்

இதெல்லாம் சரிதான். ஆனால் குழுவுக்குப் பரிந்துரைக்கும் உரிமைதான், காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமை பள்ளி மானியத்தோடு முடிந்துவிடுகிறதே?

கணக்குப்பிள்ளை

ஆமாம். 58 பிள்ளைப் பள்ளியில் ரூ.25,000. தூய்மைக்கு ரூ.2,500 கழித்தால் ரூ.22,500. ஒரு பள்ளியின் மொத்தச் சுயாட்சி அவ்வளவுதான், அதுவும் வந்தால்.

கரும்பலகை

ஒரு சந்தேகம். 2025 ஜனவரி 5ஓடு தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். 2016 இறுதியிலிருந்து 2019 வரையும் அப்படித்தான் இருந்தது. இந்த மாதிரிக் காலத்தில் வைகைக்கரை சொன்ன மூன்று படிகளும் யார் யாரிடம் போகும்?

வைகைக்கரை

கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் பி.டி.ஓ. (கிராம ஊராட்சி). ஆக, பி.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும் படியும், ஊராட்சித் தலைவருக்குப் போகும் படியும் ஒரே வளாகத்தில் இறங்கும். பெறுகைக் கையெழுத்தை இரண்டிலும் தனித்தனியாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேலாண்மைக் குழுப் பதிவேட்டில் உள்ளாட்சிப் பிரதிநிதி என்ற வரிசைகளில் "பதவிக்காலம் முடிந்தது" என்று எழுதி, வருகை எண்ணிக்கையில் அந்த இடங்களைத் தனியாகக் காட்ட வேண்டும். சேர்த்து எண்ணினால் குறைவெண் வரம்பு (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை என்று தீர்மானத்தையே தள்ளிவிடுவார்கள்.